மணல் கொட்டாத வண்டி

குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் வண்டியின் தரையில் மணல் கொட்டி, அதன்மேல் வைக்கோல் பரப்ப வேண்டும். வெறும் தகட்டில் குளம்பு நிற்காது. ஆரணியில் தறி நெய்துகொண்டே பத்து வருஷமாகக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விட்டவன் நான். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அந்தப் பாழாய்ப்போன காரியத்தைச் செய்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. மினி லாரி என் மச்சானுடையது. வெள்ளிக்கிழமையானால் வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் அவன் கிளம்பமாட்டான். அன்றைக்குப் பின்பக்கத் தகட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டிருந்தான். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மணி பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம்.

"ஏங்க, மணல் கொட்டலையா?" என்றாள் என் மனைவி.

"ராகு காலம் வந்துகினு இருக்குது, நீ வேற பேஜார் பண்ற! ஜல்தி ஏத்தணும்."

என் வெள்ளைக் குதிரை முன்காலைத் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டது. அதற்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. நாக்கைச் சொடுக்கி, "வாடி கண்ணு" என்றேன். ஏறிவிட்டது.

சந்தவாசல் தாண்டி ஒரு வளைவு. எதிரே பஸ் வந்தது. மச்சான் பிரேக் போட்டான். பின்னால் தடாலென்று சத்தம். இறங்கி ஓடிப் பார்த்தால், ஐயோ, வழுக்கி விழுந்து கிடந்தது. முன்னங்கால் பக்கக் கம்பியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. வழியில் போனவர்களைக் கூப்பிட்டு, மெல்ல இறக்கி, ரோட்டோரம் படுக்கவைத்தோம்.

"ராகு காலத்துக்கு முன்னாடியே எடுத்துட்டோமே மாமா" என்று மச்சான் அழுதான். அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கழுவியது அவன். ஆனால் மணல் மூட்டை என் வீட்டு வாசலில்தானே கிடந்தது? டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

கால்நடை டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். "இது ஒட்டாதுங்க. வலியில வச்சிகினு இருக்கிறது பாவம். ஊசி போட்டு முடிச்சிடலாம்."

"கட்டு போட்டுப் பாருங்க சார். நொண்டினா நொண்டட்டும். ஊர்வலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வச்சிக் காப்பாத்துறேன்."

அவர் பையைத் திறந்தார்.

நான் அதன் கழுத்தைத் தடவி, "ஒண்ணுமில்லடி கண்ணு" என்றேன். அவ்வளவுதான். உடைந்த காலை ஊன்றி எழப் பார்த்தது. விழுந்தது. மறுபடியும் எழப் பார்த்தது.

டாக்டர் என் தோளைப் பிடித்தார். "உங்க குரலக் கேட்டுத்தாங்க எழுந்திருக்கப் பாக்குது. பேசாம கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க."

வண்டிக்கு அந்தப் பக்கம் போய், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். என்னைக் காணாமல் ஒருதரம் கனைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம். நான் குரல் கொடுக்கவில்லை.