மண்ணில் கொட்டிய தேன்

மூன்று வருடங்களுக்கு முன், புங்கம்பூ கொட்டும் பங்குனி மாதத்தில் நடந்தது இது. புத்தூர் பக்கம் எங்கள் மாந்தோப்பில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். அந்த வருடம்தான் திருப்பதியில் ஒரு கடைக்காரம்மா முதன்முறையாக எங்கள் தேனை மொத்தமாகக் கேட்டிருந்தார். மறுநாள் தேன் எடுப்பதாக இருந்தோம்.

சாயங்காலம் ஒருவர் தோப்புக்குள் வந்தார். கர்நாடக எல்லையோரம் இருக்கும் குப்பம் ஊர்க்காரர். பூக்காலத்துக்காகத் தன் பெட்டிகளை வேனில் ஏற்றிவந்து பக்கத்துத் தோப்பில் இறக்கியிருந்தவர். அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை.

"அக்கா, நாளைக்குத் தேன் எடுத்து வித்துடாதீங்க" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"எம் பொட்டிங்கள்ல குஞ்சுப் புழுவெல்லாம் அழுகுற நோவு வந்துடுச்சி. சர்க்கரைப் பாகுல ஆன்டிபயாடிக் கலந்து தொட்டியில வெளியவே வெச்சேன். உங்க பூச்சிங்களும் வந்து குடிச்சிக்கினு இருந்துச்சி. நானே பார்த்தேன்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தலை குனிந்து நின்றார். "இதை ஏன்யா இப்போ வந்து சொல்ற?" என்று கத்தினேன்.

"ரோட்டுக் கடையில உங்க பாட்டிலைப் பார்த்தேன்க்கா. மருந்து கலக்காததுன்னு எழுதியிருந்துச்சி. மனசு கேக்கல."

அவர் போனதும் என் கணவர், "அந்தாளு வாயைத் தொறக்கலன்னா யாருக்குத் தெரியும்? எடுத்து அனுப்பிடலாம்" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த நினைப்பு வந்தது. ஆனால் அந்தத் தேனை எங்கள் மகளுக்குக் கொடுப்பாரா என்று கேட்டேன்.

தேன் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, கொஞ்சம் மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மருந்து இருந்தது. நாக்கில் வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறமும் வாசனையும் எப்போதும்போலத்தான். கடைக்காரம்மாவுக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். அதன்பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

அந்தத் தேனை முழுவதும் எடுத்துக் கொட்டிவிட முடிவு செய்தோம். திறந்த இடத்தில் கொட்டினால் தேனீக்கள் மறுபடி மொய்க்கும் என்பதால், பொழுது சாய்ந்தபின் குழி வெட்டத் தொடங்கினோம். குப்பத்துக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார். என் கணவர் அவரைப் பார்த்தார், பிறகு தள்ளி இடம் விட்டார். மூவரும் சேர்ந்து தேனை ஊற்றி மண்ணை மூடினோம். அந்த மணம் தோப்பெல்லாம் பரவியது. எனக்கு அழுகையாக வந்தது.

இப்போதெல்லாம் பக்கத்தில் யார் பெட்டி இறக்கினாலும் முதலில் போய்ப் பேசிவிடுகிறோம். குப்பத்துக்காரர் மேல் எனக்கிருந்த வருத்தம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் திட்டு வாங்குவோம் என்று தெரிந்தும் அன்று எங்கள் தோப்புக்கு நடந்துவந்தாரே, அவர் இடத்தில் நான் இருந்தால் வந்திருப்பேனா என்பதுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.