எல்ஸ்பெத் வாங்கிய தடித்த கயிறு

இது நடந்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆர்பிரோத் துறைமுகத்தை ஒட்டிய பழைய கல்வீடு ஒன்றில், எல்ஸ்பெத் கௌவி என்ற பெண்ணுக்கு நடந்தது. கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள். அவள் கோபப்படவில்லை. நீங்களும் நம்பாமல் போனால் அவளுக்கு நிம்மதிதான். இது பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்குகிறவள் அவள்.

அந்த வீட்டில் அவளும் அவள் அண்ணன் டூகலும் மட்டும். டூகல் ஆயுசு முழுக்க மீன்பிடிக் கப்பலில் கயிறு இழுத்தவன். கடைசியில் நுரையீரல் கெட்டு, பின்னறைக் கட்டிலோடு ஒடுங்கிவிட்டான். வாய் மட்டும் ஒடுங்கவில்லை. பக்கத்து ஜன்னலை மேலே தள்ளுவான். தலையை வெளியே நீட்டிச் சிகரெட் பிடிப்பான். தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுப்பான்.

“யோவ் பாதிரி! போன வாரம் உன் பிரசங்கத்துல என் தங்கச்சி குறட்டை விட்டாளாமே!”

எல்ஸ்பெத்துக்கு மானம் போகும். ஓடி வந்து ஜன்னலை இறக்குவாள்.

“குளிர் காத்து வருது. இருமி இருமியே சாகப் போற.”

“மூடினாத்தான்டி சாவேன்.”

அக்டோபரில் அந்த ஜன்னலின் கயிறு அறுந்தது. அந்தக் காலத்து ஜன்னல் அது. கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் ஓடும். சட்டத்தின் இரு பக்கமும் கயிறு. அது மேலே ஒரு கப்பியில் ஏறி, பக்கத்து மரப்பெட்டிக்குள் இறங்கும். பெட்டி சுவரோடு சுவராக இருப்பதால் வெளியே தெரியாது. உள்ளே கயிற்றின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. சட்டம் ஏறினால் குண்டு இறங்கும். சட்டம் இறங்கினால் குண்டு ஏறும்.

எல்ஸ்பெத் டெய்ட்டின் இரும்புக் கடைக்குப் போனாள். அவர் ஒரு கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மெழுகு ஏத்தின பருத்திக் கயிறு. உங்க கப்பிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.”

“அந்தத் தடிச்சது?”

“அது வேணாம் எல்ஸ்பெத். கப்பியில ஓடாது. ஓரத்துல சுருண்டு, ஆப்பு அடிச்ச மாதிரி ஜன்னலையே இறுக்கிடும்.”

“இறுக்கினா... திறக்க முடியாதா?”

“என்னாலயே முடியாது.”

அவள் தடித்த கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அதையே குடுங்க. உறுதியா இருக்கும்ல.”

டெய்ட் தலையை ஆட்டிக்கொண்டே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு அமைதியானது. டூகல் சில நாள் தள்ளிப் பார்த்தான். ஜன்னல் அசையவில்லை.

“எல்சி, என்னாச்சு இதுக்கு?”

“மழையில ஊறி மரம் உப்பிடுச்சு.”

அவன் கையை உயர்த்திக் கயிற்றைத் தொட்டான். கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தான். கயிற்றைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். பிறகு தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு பதில் அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பின்னால் அவள் அழுதிருக்கிறாள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், பொழுது சாயும் நேரம். அவனுக்கு மூச்சு வாங்கியது. உயிர் பிரியும்போது, அது வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவது அந்தக் கரையில் வழக்கம். ஆனால் அவன் கேட்டது அதற்கு அல்ல.

“காத்து... எல்சி... ஜன்னல்...”

அவள் தூக்கினாள். தோளைக் கொடுத்து நெம்பினாள். கயிறு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியை உடைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது.

ஜன்னலைப் பார்த்தபடியே அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். மணி மூன்றே முக்கால். அங்கே குளிர்காலத்தில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். எல்ஸ்பெத் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து சத்தம்.

கிர்ர்ர்ர்... டொக்.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். வெளியே மரத்தின் கிளைகூட ஆடவில்லை.

மறுநாளும் அதே நேரம். உள்ளே போய் ஜன்னல் ஓரத்து மரத்தில் கை வைத்தாள். உள்ளே ஏதோ ஏறியது. உச்சிக்குப் போனது. விழுந்தது.

டொக்.

குண்டு என்று சொல்லிக்கொண்டாள். குண்டு அசைந்தால் கயிறும் அசைய வேண்டும். கயிறு அசையவில்லை.

ஒரு நாள் சிகரெட் வாசம். ஒரு நாள் கண்ணாடியில் ஆவி படிந்து, யாரோ வாயை வைத்து ஊதியது போல ஒரு வட்டம். வெளியில் அல்ல. உள்பக்கம்.

கிறிஸ்துமஸ் போனது. புது வருடம் வந்தது. சத்தம் நிற்கவில்லை. இப்போது அது வேகமாக வந்தது. ஏறி... விழுந்து... ஏறி... விழுந்து...

ஜனவரியில் ஒரு சாயங்காலம் அவள் கத்தியோடு உள்ளே போனாள்.

“டூகல். ஜன்னல் கெட்டுப் போகல. நான்தான் வேணும்னே தடிச்சதா வாங்கினேன்.”

சத்தம் நின்றது.

கயிற்றை அறுத்தாள். உள்ளே குண்டு தொப்பென்று விழ வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

விழவில்லை.

அறுந்த நுனி கப்பியிலிருந்து தொங்கியது. ஆடாமல்.

பிறகு அசைந்தது...

ஓர் இழுப்பு. நிறுத்தம். ஓர் இழுப்பு. நிறுத்தம்.

கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிற இழுப்பு.

நிறுத்தத்துக்கு நடுவே... மூச்சு.

நுனி கப்பியைத் தாண்டி உள்ளே போனது.

ஜன்னல் ஏறத் தொடங்கியது. யாரும் தொடாமல். மெதுவாக. உச்சி வரைக்கும்.

காற்று கடலிலிருந்து உள்ளே அடித்தது. திரைச்சீலை மட்டும் அதற்கு எதிராக வெளியே பறந்தது.

“டூகல்...”



மறுநாள் காலை டெய்ட் வந்தார். ஜன்னல் ஓரத்து மரத்தில், அடியில் இருக்கும் சின்னப் பலகையைக் கழற்றினார். கையை விட்டுத் துழாவி இரும்புக் குண்டை எடுத்தார். அதன்மேல் தூசி. சிலந்திக் கூடு.

“மாட்டின வாரமே கழண்டு விழுந்திருக்கு. அப்புறம் இது இடத்தை விட்டு அசையவே இல்ல, பாருங்க.”

“அப்ப ஏறி இறங்கினது?”

“எலியா இருக்கும்.”

மறுபடி கையை விட்டார். முகம் மாறியது. அவர் கையில் கயிறு வந்தது. அவள் அறுத்த அதே கயிறு. கப்பல் தளத்தில் வைப்பது போல வட்டம் வட்டமாக, ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது. நனைந்திருந்தது.

“யாரு சுருட்டினது இத? என் கையே முழங்கை தாண்டிப் போகல.”

எல்ஸ்பெத் அந்த இருட்டுப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் அகலம்கூட இல்லை.

“டெய்ட்... அதுக்குள்ள காத்து போகுமா?”

“இதுக்குள்ளயா? பெயின்ட் அடிச்சு அடிச்சு எல்லா இடுக்கும் அடைஞ்சு போச்சு. பொட்டுக் காத்து போகாது.”

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் காற்றுக்குத் தவித்தபடி அந்தப் பெட்டிக்குள் போனது நவம்பரில். அன்று ஜனவரி பதினொன்று.