நடு ஒயர்

என் அக்கா வீட்டுக்காரர் துரைக்கண்ணுவுக்கு வாய் மட்டும் இல்லாதிருந்தால், ஆரணியில் அவரைவிடத் தங்கமான மனிதர் கிடையாது என்று நானே சொல்லியிருப்பேன். அந்த வாயை வைத்துக்கொண்டு என் அக்கா குணசுந்தரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பாதி நெய்த சேலையை அப்படியே விட்டுவிட்டு லாரி செட்டுக்குப் போனவர் திரும்பித் தறிப்பக்கம் வரவில்லை. தொண்ணூறுகளில் களம்பூர் ரைஸ்மில் லாரிகளுக்கு டைனமோ, ஹாரன், ஹெட்லைட் என்று கைநிறைய வேலை. அப்புறம் உள்ளே கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டிகள் வந்தன. மாமா சென்னைக்குப் போய் ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்தபின் ஆறு மாதம் அந்த வகுப்பை எங்களுக்கெல்லாம் எடுத்தார். அக்கா ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது சென்சாருக்கு ஐந்து வோல்ட் எதற்கு என்று கேட்டுப் பதில் வாங்காமல் நகரமாட்டார்.

அவர் கும்பிடும் சாமி மல்டிமீட்டர். மஞ்சள் நிறத்தில், கறுப்பும் சிவப்புமாக இரண்டு ஒயர் தொங்கும். "மீட்டர் பொய் சொல்லாது" என்பார். மீட்டர் காட்டியதை எதிரில் யார் இருந்தாலும் அப்படியே சொல்வார். அங்கேதான் வந்தது வினை.

அவருடைய ஒரே மகள் பரிமளாவுக்கு முதலில் வெம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கார் வாங்கின பெருமையைக் கேசரி சாப்பிட்டபடி சொல்லிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து போய் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி மழைத்தண்ணில முழுவிக் கெடந்துது. ஒங்க தலையில நல்லா கட்டிட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கேசரி தட்டில் அப்படியே இருக்க, அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் கலசப்பாக்கத்து வரன் அமைந்தது. மாப்பிள்ளை சதீஷ் வாடகை வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன். அப்பா பலராமன் பட்டுத்தறிக்காரர். பரிமளாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. போனில் பேசிப் பேசி அவளுக்குக் காது சிவந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் என்னிடம் வந்து, "வேணு மாமா, இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். அப்பா வாயை நீதான் பாத்துக்கணும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பட்டுக்கடையில் சேலை பிரித்து அடுக்குகிறவன் நான். அந்த வாயை அடக்க என்னால் ஆகுமா?

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மாமா குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மீட்டருக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துவிட்டாள். மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.

"இன்னிக்கு நீங்க பொண்ணுக்கு அப்பா, அவ்ளோதான். யார் வண்டி பானெட்டையாவது தொட்டீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிகினே இருப்பேன்."

"தொடமாட்டேன் குணா" என்றார் மாமா, டிரம்மைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். வேன் வழியில் இரண்டு முறை நின்றுவிட்டதாம். மூன்றாவது முறையாக எங்கள் வாசலிலேயே நின்றது. சதீஷ் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பலராமனின் அக்கா காத்தாயி கீழே இறங்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். கையில் நிச்சயதார்த்தச் சேலை இருந்தது. அவரே தேடி எடுத்ததாம். அசல் சரிகை என்று வாசலுக்கும் கூடத்துக்கும் இடையில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அது பிளாஸ்டிக் சரிகை. எனக்கு எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்தேன்.

"தம்பி, சகுனம் சரியில்ல" என்றார் காத்தாயி. "வண்டி கெளம்பட்டும், அப்புறம் தட்டு மாத்தலாம். கெளம்பலன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அக்கா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். பரிமளா உள்ளறையில் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து யாரோ ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் பானெட்டைத் திறந்தார், ஒரு குழாயைத் தட்டினார், "டீசல் பம்ப் போச்சு. வேலூருக்குத்தான் கட்டி இழுத்துகினு போவணும்" என்றார்.

"அளக்காம சொல்றான்!" மாமா என் காதில் சொன்னார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தொடை தையல் மிஷின் கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. "வேணு, அளக்காமலே சொல்றான்டா!"

"வாயை மூடு மாமா" என்றேன்.

மெக்கானிக் கயிறு கேட்டார். அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மீட்டர் இருந்தது. இடுக்கிலிருந்து நாலு அரிசி உதிர்ந்தது.

"போங்க" என்றாள். "கையால மட்டும் வேலை பாருங்க. வாயால ஒண்ணும் வேணாம்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டின வேகத்தைப் பார்க்க வேண்டும். "மாப்ள, சாவியை ஆன்ல வையுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று பானெட்டுக்குள் தலையை விட்டார். வாயால் வேண்டாம் என்று சொன்னது அந்த நொடியே மறந்துவிட்டது. ஊரே கேட்கிற மாதிரி வகுப்பு ஆரம்பமாயிற்று.

"இது டீசல் எவ்ளோ பிரஷர்ல வருதுன்னு பாக்கற சென்சாரு. மூணு ஒயரு. ஒருத்தன் கரண்டு கொண்டாறான். ஒருத்தன் திரும்ப எடுத்துகினு போறான். நடுவுல கீறவன் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்றான். வண்டி நின்னுகினு கீது, பிரஷரே இல்ல. அரை வோல்ட்டு காட்டணும்." மீட்டரைப் பார்த்தார். "அஞ்சு காட்டுது! பிரஷர் தலைக்கு மேல போவுதுன்னு சேதி போவுது. கம்ப்யூட்டர் பயந்துகினு டீசலை நிறுத்திடுது. பம்ப் மேல ஒரு தப்பும் இல்ல. நடு ஒயரு பொய் சொல்லுது. நடு ஒயரு பொய் சொன்னா வண்டி ஓடாது."

மெக்கானிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

சென்சார் பொய் சொல்கிறதா, ஒயர் பொய் சொல்கிறதா என்று அடுத்த கேள்வி. மாமா சாவியை அணைக்கச் சொல்லி, சென்சாரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். கரண்டு கொண்டுவரும் ஒயரிலும் நடு ஒயரிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தார். கரண்டு பாய வழியிருந்தால் மீட்டர் கத்தும். கீங் என்று கத்தியது. இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாமா விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். எஞ்சினுக்குப் பின்னால் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒயர்க் கொத்தைத் தங்க நிறத்தில் ஏதோ சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது யார் கட்னது?"

"நான்தான்!" என்றார் பலராமன் பெருமையாக. "கிளிப்பு ஒடஞ்சி ஒயரு ஆடிகினு இருந்துது. சணல் கட்னா இத்துப்பூடும். எங்க தறியில மிஞ்சின சரிகை. மேலதான் தங்க முலாம், உள்ள வெள்ளிங்க சம்பந்தி, துருவே பிடிக்காது!"

எஞ்சின் அதிர அதிர அந்தச் சரிகை ஒயரின் தோலை அறுத்து, உள்ளிருந்த இரண்டு செம்புக் கம்பியையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. மகன் வண்டியைக் கெடுத்தது அப்பாவின் கைதான். இதைத்தான் மாமா இப்போது சபையில் போட்டு உடைக்கப் போகிறார். வெம்பாக்கத்துக் கேசரி என் கண்முன் வந்து போயிற்று. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா வாயைத் திறந்தார். மூடினார். பிளேடால் சரிகையை அறுத்தெடுத்து, அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். கீங்!

"சம்பந்தி, இது அசல் சரிகைங்க" என்றார். "போலியா இருந்திருந்தா கரண்டு பாஞ்சிருக்காது, வண்டியும் நின்னிருக்காது. இவ்ளோ சுத்தமான சரக்கைக் கட்டுனதாலதான் இந்த பேஜாரு."

பலராமனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. தன் கைதான் வண்டியைக் கெடுத்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மாமா ஒயர்களைப் பிரித்துத் தனித்தனியாக டேப் சுற்றினார். பிளக்கை மாட்டிச் சாவியை ஆன் பண்ணச் சொன்னதும் மீட்டர் அரை வோல்ட் காட்டியது. சதீஷ் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. உள்ளறையில் பரிமளா சிரித்தது வாசல்வரை கேட்டது.

கூடத்தில் தாம்பூலத் தட்டுகள் வந்தன. தட்டு மாற்றக் கை நீட்டும் நேரத்தில் பலராமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சம்பந்தி, ஒங்க மிஷினை எங்கக்கா எடுத்த சேலையிலயும் வெச்சிக் காட்டுங்க, எல்லாரும் கேக்கட்டும்!"

"வையுங்க, நல்லா வையுங்க" என்று காத்தாயி அந்தச் சேலையின் முந்தானையை அவரே விரித்துப் பிடித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா சரிகையின் மேல் இரண்டு முனையையும் வைத்தார். மீட்டர் வாயே திறக்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். சத்தமே இல்லை. கூடமே அவர் முகத்தைப் பார்த்தது. மாமா மீட்டரையும் பார்த்தார், உள்ளறைக் கதவோரம் நின்ற மகளையும் பார்த்தார்.

மீட்டரைக் கையில் இரண்டு தட்டு தட்டினார். "சே, நேரம் பாத்து பேட்டரி தீந்துபோச்சு" என்றார். "அசலுக்கு எதுக்குங்க மீட்டரு? பாத்தாலே தெரியுதே. ஜல்தியா தட்டை மாத்துங்க, நேரம் போவுது."

தட்டு மாறியது. வேன் வந்த வழியே ஒரு முக்கலும் இல்லாமல் கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் பந்திப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அக்கா கேட்டாள். "காலையிலதானே புது பேட்டரி போட்டீங்க?"

மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நடு ஒயரு பொய் சொன்னா வண்டி ஓடாதுன்னு சொன்னீங்களே?"

"ஓடிச்சே" என்றார் மாமா. மீட்டரைத் துண்டில் சுற்றி அவரே எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குள் வைத்தார்.