சர்க்கரை டாக்டர் வாசலில் கழற்றிய செருப்பு

இன்று காலை கும்பகோணத்தில் என் சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். சர்க்கரை நோய்க்கென்றே மேற்படிப்பு முடித்து வந்திருக்கிறார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வாசலில் பலகை: "காலணிகளை வெளியே விடவும்." நானும் விட்டேன்.

எனக்கு முன்னால் குத்தாலத்துப் பக்கம் நடவு வேலை செய்கிற ஓர் அம்மா. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் டாக்டரே எழுதிக்கொடுத்த மெத்தென்ற செருப்பு போட்டிருந்தார். அதையும் கழற்றச் சொன்னார் நர்ஸ்.

அந்த அம்மா நடந்த தரையில் ரத்தப் புள்ளிகள். குதிகாலில் ஸ்டேப்ளர் பின் ஏறியிருந்தது.

"அம்மா, கால்ல ரத்தம் வருது பாருங்க" என்றேன்.

"அப்படியா? ஒண்ணும் தெரியலீங்களே ஐயா."

டாக்டர் வெளியே வந்து, பின்னை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே சத்தம் போட்டார்: "வெறுங்காலோட நடக்காதன்னு எத்தனை தடவம்மா சொல்றது? நாளைக்கு இந்தக் காலையே எடுக்கணும்னா நான் பொறுப்பில்ல!"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசலாமா என்று யோசித்தால் நான் பேசமாட்டேன். இன்று யோசிக்கவில்லை.

"டாக்டர், உங்க நர்ஸ்தான் கழட்டச் சொன்னாங்க."

"க்ளினிக் சுத்தமா இருக்க வேணாமா சார்?"

அவர் காலில் ஷூ இருந்தது.

என் முறை வந்ததும் வாசலுக்குப் போய் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"சார், செருப்பு!" என்றார் நர்ஸ்.

"ஆமாம்மா, செருப்புதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்த மேற்படிப்பில் பாதப் பராமரிப்புக்குத் தனிப் பாடமே உண்டாம். அதை வாசலிலிருந்தே நடத்துகிற டாக்டர் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.