அணைக்குள் எடுத்த பிடிமண்

ஊரே மழை கேட்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த கோடையில், என் பெரியப்பா மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பெய்யாமல் இருந்தால் தேவலை என்று சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அணை கட்டியபோது மூழ்கிப்போன சிற்றூர்களில் ஒன்றில் பிறந்தவர் அவர். தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றினால்தான் அந்த இடம் கண்ணில் படும்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலதெய்வத்தின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், குடியேறும் இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவது வழக்கம். எங்கள் ஆட்களோ, அம்மன் மேடு வரைக்கும் தண்ணீர் ஏறவே ஏறாது என்று அடித்துச் சொல்லிவிட்டு, மண்ணைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்கள். ஏறிவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களின் முதல் பத்திரிகையை அணைத் தண்ணீரில்தான் விடுவோம். பெரியப்பா மகளான அக்காவுக்கு நிச்சயமானபோது, இவள் பத்திரிகையாவது அம்மன் காலடி மண்ணில் வைக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

அப்பா நில அளவை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பழைய கிராம வரைபடத்தின் நகலை வாங்கிவந்தார். அதில் ஓடை இருந்தது, வண்டித்தடம் இருந்தது, கிணறுகூட இருந்தது. எங்கள் அம்மன் இல்லை. மரத்தடியில் நட்ட வெறும் கல்லைக் கோயில் என்று எழுத, அளக்க வந்தவர்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

நாங்கள் குடியேறிய கருமத்தம்பட்டியில் தறிகளை ஒருநாள் நிறுத்திவிட்டு வண்டியில் போனோம். நான் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டவள். அணைக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்துக் கிடந்தது வண்டல். பெரியப்பா கிழக்கே என்றார், பிறகு வடக்கே என்றார். பால்பல் விழும் வயதில் விட்டுப்போன ஊர், பாவம், என்ன செய்வார். மலைப்பக்கம் வேறு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்று விட்டால் இனி எந்த வருஷமோ. அப்பா வரைபடத்தை விரித்து, ஓடையின் வளைவைப் பார்த்துப் பார்த்து நடந்தார். கடைசியில் வட்டமாய்க் கல் தெரிந்தது.

“ஏனுங்ண்ணா, இதுதானுங்களா கெணறு?”

பெரியப்பா குனிந்து, கயிறு அறுத்த தடத்தைத் தடவிப் பார்த்தார். “இனி அதைய மடிச்சு வெச்சுரு, தம்பி,” என்றார்.

ஒரு செடிகூட இல்லாத அந்தப் பொட்டலில் அதன்பிறகு அவர் நேராகவே நடக்கவில்லை. கொஞ்சம் போய் இடது பக்கம் திரும்பினார், அப்புறம் வலது பக்கம். ஓரிடத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார். மேடான ஓர் இடத்தில் நின்று வண்டலைத் தோண்டினார். அடியில் செம்மண்ணும், அதில் அம்மன் கல்லின் தலையும் வந்தன. பத்திரிகையை வைத்துவிட்டு, மஞ்சள் துணியில் மண்ணை அள்ளி முடிந்துகொண்டு, சின்னக் குழந்தைபோல அழுதார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் வண்டியைப் பார்த்துக் குறுக்கே ஓடினேன்.

“அம்மணி, அது அடுத்தவிங்க ஊடு. உள்ள பூந்து ஓடாதே, சுத்தி வா.”

காலடியில் பார்த்தேன். சேறுதான் இருந்தது. பெரியப்பாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அந்த ஊர் முழுகிய பிறகு பிறந்தவர் அப்பா. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டு, அண்ணன் திரும்பிய இடத்திலெல்லாம் தானும் திரும்பி நடந்தார். வண்டி அதோ நிற்கிறது, இவர்கள் இருவரும் எதற்கு இப்படிச் சுற்றி நனைகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.