பாதி தள்ளினால் போதும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், புனேயில் ஆய்வகக் கேமராக்களைப் பழுதுபார்த்து வந்தபோது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி மாணவரைச் சந்தித்தேன். ஒல்லியானவர், சட்டையை முழங்கை வரை மடித்திருப்பார். எதைக் கேட்டாலும் சற்று நேரம் கழித்துத்தான் பதில் வரும்.

தண்ணீர்த் துளிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் உருண்டையை அவர் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். நுண்ணோக்கி வழியே கேமரா அது விலகுவதைப் பார்க்கும்; கணினி மின்சாரத்தால் அதைத் திருப்பித் தள்ளும். உருண்டை நிற்காவிட்டால் பட்டம் இல்லை, உதவித்தொகையும் முடியப்போகிறது. நான் வேகமான கேமராவைப் பொருத்திய பிறகும் அது இங்குமங்கும் ஆடி ஓடிவிட்டது.

“கேமரா மேல தப்பில்ல சார். அது காட்டுறதுக்குள்ள உருண்டை நகந்துடுது. பழைய எடத்தப் பாத்து நான் முழு வேகத்துல தள்ளுறதால, அது மறுபக்கம் தாண்டிப் போயிடுது.”

“இப்ப என்ன பண்ணுவீங்க, தம்பி?”

வழக்கம்போல் தாமதித்தார். “கொஞ்சமாத் தள்ளிப் பாக்குறேன்.”

விசையைப் பாதியாகக் குறைத்தார். உருண்டை லேசாக நடுங்கியபடி திரையின் நடுவிலேயே நின்றது. கையிலிருந்த டீ ஆறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் கைகுலுக்கி வாழ்த்தினேன். சற்று நேரம் கழித்து, “லேட்டாகுறதுதான் சார் இதுல எதிரி,” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.