விட்ட இடத்திலிருந்து ஒரு வரைபடம்

நண்பர்களே, இன்று ஓசூர் தொழிற்சாலையிலிருந்து பெங்களூருக்கு ஒரு வரைபடத்தை, கம்ப்யூட்டரை போன் லைனோடு இணைக்கும் மோடம் வழியாக அனுப்பினேன். இன்றைக்குள் சேராவிட்டால் எங்கள் முதல் ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும்.

லைன் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அனுப்பினேன்.

அந்தப் பக்கம், பெங்களூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சரோஜா போன் செய்தார்.

"சார், அனுப்புறதுக்கு வேற முறை, வேற புரோட்டோகால் இருக்குது, அதைப் போடுங்க. ஒவ்வொரு துண்டும் சரியா வந்துச்சான்னு பார்த்துக்கும். அறுந்தா விட்ட எடத்துல இருந்தே போகும்."

"நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலீங்களா?"

"கம்பெனி பஸ் போயிருச்சு சார். நீங்க அனுப்புங்க."

அவர் சொன்னதைப் போட்ட அப்புறமும் லைன் இரண்டு முறை அறுந்தது. ஆனாலும் வரைபடம் ஒரு கோடு பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

"வந்துருச்சு சார்!" என்று கூப்பிட்டுச் சொன்னார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்த அழைப்பும் அறுந்துவிட்டது.

பேச்சுக்கும் அப்படியொரு புரோட்டோகால் யாரிடமாவது இருக்கிறதா?